லேட்ரலில் சேர்ந்து டேட்டா ஸ்ட்ரக்சரில் மாட்டிக்கொண்ட ஒன்றரை வருடம்

டிப்ளமோ முடித்துவிட்டு லேட்ரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2018-இல் நானும் அப்படித்தான் சேர்ந்தேன். பாலிடெக்னிக்கில் படித்தது எலக்ட்ரிக்கல். மோட்டார் வைண்டிங், டிரான்ஸ்ஃபார்மர், பேனல் போர்டு எல்லாம் கைக்குப் பழகிய வேலைகள். காரைக்குடிக்குக் கவுன்சிலிங் போன அன்று, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் வேலைக்குக் கவலை இல்லை என்று வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். சீட்டும் இருந்தது, எடுத்துவிட்டேன். அப்போதைய பாடத்திட்டப்படி முதலாண்டிலேயே சேர்ந்தவர்கள் முதல் செமஸ்டரில் பைத்தானும் இரண்டாவது செமஸ்டரில் சி மொழியும் படித்து முடித்திருப்பார்கள், நாம் உள்ளே போகிற மூன்றாவது செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவல்களை மெமரியில் அடுக்கி வைக்கும் முறைகள்) பேப்பர் அந்த சி தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு பேப்பரை மூன்று முறை எழுதினேன். ஒன்றரை வருடம் போனது, பணமும் போனது.

நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பாடம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. மேம் போர்டில் லிங்க்ட் லிஸ்ட் (தகவல்களைப் பெட்டி பெட்டியாகச் சங்கிலி போலக் கோப்பது) நடத்திக்கொண்டிருந்தார். ஸ்ட்ரக்ட் நோட் (நோட் என்பது அந்தச் சங்கிலியின் ஒரு பெட்டி) என்று ஒரு வரி, அதற்குள் ஒரு எண், அதற்குக் கீழே மறுபடியும் அதே ஸ்ட்ரக்ட் நோட், இந்த முறை ஒரு நட்சத்திரக் குறியோடு. ஒரு பெட்டிக்குள் அதே பெட்டி எப்படி இருக்க முடியும் என்று தலை சுற்றியது. உள்ளே இருப்பது இன்னொரு பெட்டி இல்லை, இன்னொரு பெட்டி இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான் (இதைத்தான் பாயின்டர் என்பார்கள்) என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் போர்டில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். டிப்ளமோவில் நான் பார்த்த சி என்பது நாலைந்து புரோகிராமைப் பார்த்து டைப் அடித்து, அவுட்புட்டை ரெக்கார்டில் எழுதியதோடு சரி.

"புரியலைன்னா இப்பவே கேளுங்க" என்று மேம் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். ஒரு நாள்கூட நான் எழுந்து நிற்கவில்லை. லேட்ரல் பசங்க என்று தனியாகப் பார்ப்பார்களோ என்ற கூச்சம். பாலிடெக்னிக்கில் முதல் மூன்று ரேங்குக்குள் இருந்தவன் இங்கே நட்சத்திரக் குறிக்கு அர்த்தம் கேட்பதா என்ற எண்ணமும் இருந்தது. என் நஷ்டம் எல்லாம் அந்தக் கூச்சத்தில்தான் தொடங்கியது. நீங்கள் சேர்ந்த முதல் வாரமே ஸ்டாஃப் ரூமுக்குப் போய், "மேம், நான் டிப்ளமோ எலக்ட்ரிக்கல், சி படிக்கவில்லை, பாயின்டர் தெரியாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 'புரியவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எது தெரியாது என்று பெயர் சொல்லிச் சொன்னால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டுவார். பின்னாளில் நான் அதே மேமிடம் போய்ச் சொன்னபோது, "முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றுதான் கேட்டார்.

லேபில் நிலைமை இன்னும் மோசம். நான் பார்த்திருந்தது பழைய கம்பைலரான டர்போ சி-யின் நீலத் திரை. இங்கே உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தில் ஜிசிசி என்ற கம்பைலர். பழைய பழக்கத்தில் திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்க்ரீன் கட்டளையைப் போட்டால் எரர். அது டர்போ சி-யோடு வந்த வசதி, சி மொழியின் பகுதியே இல்லை என்பது தெரியாமல் முதல் இரண்டு லேபும் அதிலேயே கழிந்தது. மூன்றாவது லேபில் லிங்க்ட் லிஸ்டின் முன்னால் எண்களைச் சேர்க்கும் புரோகிராம். 10, 20, 30 என்று கொடுத்து டிஸ்ப்ளே போட்டேன். திரை முழுக்க 30 30 30 30 என்று ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க, பயத்தில் விண்டோவை மூடிவிட்டேன். பிறகு நண்பனின் புரோகிராம் கோடை அப்படியே காப்பி செய்து அவுட்புட் காட்டி, அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கினேன். அந்த 30 ஏன் ஓடியது என்று அன்றைக்கே உட்கார்ந்து பார்த்திருந்தால் பாதிப் பாடம் அங்கேயே புரிந்திருக்கும். புரோகிராம் தப்பாக ஓடும்போது மூடிவிடாதீர்கள். அந்தத் தப்பான அவுட்புட்டை நோட்டில் எழுதி, பக்கத்தில் கோடையும் எழுதி வையுங்கள்.

நவம்பரில் யுனிவர்சிட்டி தேர்வு. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கிடைத்த முக்கியக் கேள்விகள் மெட்டீரியலை வாங்கிப் பத்து நாள் மனப்பாடம் செய்தேன். புரோகிராமைச் செய்யுள் மாதிரி வரி வரியாக ஒப்பித்தேன். தேர்வில் நடு வரி ஒன்று மறந்தால் அதற்குப் பிறகு எதுவுமே வராது. ரிசல்ட்டில் மற்ற எல்லாம் பாஸ், டேட்டா ஸ்ட்ரக்சர் அரியர்.

வீட்டில் சொன்னேன். அப்பா குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். "பணத்தப் பத்தி நினைக்காத சாமி, எங்க சொல்லித் தர்றாங்கன்னு பாரு" என்றார். சேலத்தில் ஒரு கோச்சிங் சென்டர், சனி ஞாயிறு மட்டும், பத்து வாரம், 8,000 ரூபாய். அப்பா பட்டறையில் முன்பணம் வாங்கிக் கொடுத்தார், வாரக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். போக வர பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு 90 ரூபாய். அங்கே நடந்தது என்னவென்றால், 100 புரோகிராம் அடங்கிய ஒரு பிரின்ட் கொடுத்து ஒவ்வொன்றாக போர்டில் எழுதிப் போட்டார்கள். முப்பது பேர் இருந்த அறையில் கம்ப்யூட்டர் இரண்டுதான். பத்து வாரத்தில் என் கையால் நான் ரன் செய்த புரோகிராம் நான்கோ ஐந்தோ. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் மாணவன் எவ்வளவு நேரம் கீபோர்டில் கை வைக்கிறான் என்று பாருங்கள். அது அரை மணி நேரத்துக்கும் குறைவு என்றால் அந்தப் பணம் வேண்டாம்.

2019 ஏப்ரலில் இரண்டாவது முறை எழுதினேன். இந்த முறை நன்றாக எழுதியதாகவே நினைத்தேன், மறுபடியும் அரியர். திருத்தியதில்தான் தவறு என்று விடைத்தாள் ஃபோட்டோகாப்பிக்கும் பிறகு ரீவேல்யுவேஷனுக்கும் விண்ணப்பித்தேன், இரண்டும் சேர்த்து 700 ரூபாய். ரீவேல்யுவேஷனில் ஒன்றும் மாறவில்லை. கோச்சிங், பஸ், இது எல்லாம் சேர்த்து 10,500 ரூபாய். இதில் உருப்படியாகப் பலன் தந்தது அந்த ஃபோட்டோகாப்பி மட்டும்தான். ரிசல்ட்டில் வெறும் கிரேடுதான் வரும், எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று தெரியாது. விடைத்தாளில் தெரிந்தது. லிஸ்டில் இருந்து ஒரு நோடை நீக்கும் கேள்விக்கு 13-க்கு 3. இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதன் நடுவில், பி என்ற நோடை ஃப்ரீ செய்துவிட்டு (அதன் இடத்தை மெமரிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு), அடுத்த வரியிலேயே அந்த பி-யின் நெக்ஸ்டை (அடுத்த நோடின் முகவரியை) எடுத்துப் பயன்படுத்தியிருந்தேன். சிவப்பு மையில் அங்கே ஒரு சுழி. அது ஏன் தப்பு என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. அரியர் விழுந்தால், ரீவேல்யுவேஷன் போடுகிறீர்களோ இல்லையோ, ஃபோட்டோகாப்பியை மட்டும் கட்டாயம் வாங்குங்கள்.

ஐந்தாவது செமஸ்டர் தொடங்கிய ஜூலையில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். மேமைப் பார்க்கத்தான் போனேன், அவர் இல்லை. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மட்டும் சிஸ்டம்களை ஆஃப் செய்துகொண்டிருந்தார். என்ன தம்பி என்று கேட்டார். அந்த 30 30 கதையையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு ஏ4 தாளை எடுத்து மூன்று பெட்டி வரைந்தார். ஒவ்வொரு பெட்டியையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார், இடது பக்கம் டேட்டா, வலது பக்கம் நெக்ஸ்ட். பெட்டிகளுக்கு மேலே 1000, 2000, 3000 என்று முகவரி எழுதினார். முதல் பெட்டியில் 10, இரண்டாவதில் 20. 20-இன் நெக்ஸ்டில் 1000 என்று எழுதினார், 10-இன் நெக்ஸ்டில் நல் (NULL, அதாவது அடுத்து எதுவும் இல்லை). தனியாக ஹெட் என்று ஒரு சின்னப் பெட்டி, அதில் 2000. மூன்றாவது பெட்டி புதிதாக வந்த 30.

"உங்க கோடுல முதல் வரி என்னங்க தம்பி?"

ஹெட் இஸ் ஈக்வல் டு நியூநோட் என்றேன்.

"அது ஓடின பிறகு ஹெட்ல என்ன இருக்கும்?"

"30 அண்ணா."

"30 டேட்டாங்க. ஹெட்ல இருக்கிறது அட்ரஸ். பழசை அடிச்சிட்டு எழுதுங்க."

2000-ஐ அடித்துவிட்டு 3000 என்று எழுதினேன். அடுத்த வரி, நியூநோடின் நெக்ஸ்டில் ஹெட்டைப் போடுவது. ஹெட்டில் இப்போது இருப்பது 3000. அதை 3000-ஆம் பெட்டியின் நெக்ஸ்டில் எழுதினேன். எழுதி முடித்ததுமே தெரிந்துவிட்டது. 30 தன்னையே காட்டிக்கொண்டு நிற்கிறது. 2000 என்ற எண் அந்தத் தாளில் எந்த அறையிலும் இல்லை, அதனால் 20-க்கும் 10-க்கும் போகிற வழியே இல்லை. முதலில் புது நோடின் நெக்ஸ்டில் 2000-ஐ எழுதிவிட்டு, அதன் பிறகு ஹெட்டை 3000 ஆக்கியிருக்க வேண்டும். வரிகளை இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து அந்த 30 ஏன் ஓடியது என்று தெரிந்தபோது உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. விடைத்தாளில் இருந்த தப்பையும் அதே தாளில் வரைந்து பார்த்தோம். ஃப்ரீ செய்த பெட்டியின் மேல் பெரிய பெருக்கல் குறி போடச் சொன்னார். அடுத்த வரியில் அந்தப் பெட்டிக்குள் இருந்துதான் முகவரியை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் நெக்ஸ்டை வேறொரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் ஃப்ரீ செய்ய வேண்டும். ஃப்ரீ செய்த இடத்தில் பழைய மதிப்பு சில சமயம் அழியாமல் அப்படியே கிடக்கும். அதனால் லேபில் ஓடுகிற மாதிரியே தெரியும், இன்னொரு நாள் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிற்கும். என்னை ஏமாற்றியது அதுதான்.

அன்றிலிருந்து ஒரு 200 பக்க நோட்டு பெட்டி வரைவதற்கென்றே வைத்துக்கொண்டேன். வெறும் அம்புக்குறி போடாதீர்கள், எண்ணாக முகவரி எழுதுங்கள். அம்புக்குறியைக் கண்ணுக்கு அழகாக எப்படி வேண்டுமானாலும் இழுத்துவிடலாம். எண் என்றால் அது எந்த அறையில் இருந்து வந்தது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் எழுத முடியும். ஒரு வரி ஓடினால் ஒரு அறை மாறும், பழையதை அடித்துப் புதியதை எழுத வேண்டும்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். டேட்டா ஸ்ட்ரக்சரை மூன்று வாரம் மூடி வைத்துவிட்டு சி மட்டும் பாருங்கள் என்றார். தேர்வு நான்கு மாதத்தில் இருக்கும்போது மூன்று வாரத்தை விடுவது பயமாக இருந்தது, ஆனால் அதற்குப் பிறகுதான் எல்லாமே வேகமாக நகர்ந்தது. முதல் வாரம் லூப்பும் அரேயும். ஐந்து இடம் உள்ள அரேயில் இடங்கள் 0 முதல் 4 வரைதான், 5-இல் எழுதினால் சி நம்மைத் தடுக்காது, வேறு எதையோ கெடுத்துவிட்டுப் போகும் என்பதை ரன் செய்தே பார்த்தேன். இரண்டாவது வாரம் ஃபங்ஷனும் பாயின்டரும். இரண்டு எண்களை மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் ஃபங்ஷன் எழுதி, மெயினில் ஏன் மாறவில்லை என்று உங்களால் பெட்டி வரைந்து விளக்க முடிந்தால் இரண்டாவது வாரம் முடிந்தது என்று அர்த்தம். ஃபங்ஷனுக்குப் போவது நகல்தான், அசலை மாற்ற வேண்டுமென்றால் முகவரியை அனுப்ப வேண்டும். மூன்றாவது வாரம் ஸ்ட்ரக்ட், மால்லாக் (மெமரியில் இடம் கேட்டு வாங்குவது), ஃப்ரீ. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபைல், மேக்ரோ, யூனியன் எல்லாம் இந்தப் பேப்பருக்கு உடனே தேவைப்படாது.

இதற்கு நான் ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. பைத்தான் டியூட்டர் என்று ஒரு இணையதளம் இருக்கிறது, பெயரில் பைத்தான் இருந்தாலும் சி கோடையும் போடலாம். ஒவ்வொரு வரிக்கும் மெமரியில் என்ன மாறுகிறது என்று படமாகக் காட்டும். முதலில் நோட்டில் நானே வரைவேன், பிறகு அதில் ஓட்டிச் சரிபார்ப்பேன். முதலிலேயே அதைப் பார்த்துவிட்டால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், தேர்வு ஹாலில் கை வராது. லெக்சருக்கு என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளம். சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் பைத்தானில் நடத்தும் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் வகுப்பு எட்டு வாரம். பார்ப்பதற்குப் பணம் இல்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குவதென்றால்தான் கட்ட வேண்டும். பாயின்டர் தொல்லை இல்லாமல் அல்காரிதத்தை மட்டும் புரிந்துகொள்ள அது எனக்கு மிகவும் உதவியது. அப்புறம் ஜிசிசி-யில் மைனஸ் டபிள்யூ-ஆல் என்ற ஆப்ஷனைப் போட்டுக் கம்பைல் செய்யப் பழகுங்கள். இஃப்-க்குள் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்றைப் போட்டால்கூட எச்சரிக்கும். அந்த ஒரு குறியைத் தேடி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

எலக்ட்ரிக்கல் படித்தது வீணாகிவிட்டதே என்று அதுவரை வருத்தப்பட்டேன். பைனரி சர்ச் படித்த நாளில் அந்த வருத்தம் குறைந்தது. வரிசைப்படுத்திய 10 லட்சம் எண்களில் ஒன்றைத் தேட, ஒவ்வொரு முறையும் நடுவில் பார்த்துப் பாதியைத் தள்ளிவிட்டால் 20 முறைக்குள் முடிந்துவிடும். நீளமான வயரிங்கில் எங்கே கட் ஆகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முனையில் இருந்து ஒவ்வொரு இடமாகவா பார்ப்போம்? நடுவில் வைத்து டெஸ்ட் செய்வோம், சப்ளை வந்தால் கோளாறு அதற்கு அப்புறம்தான். அதே வேலைதான் இது. எந்த டிப்ளமோவில் இருந்து வந்தாலும் உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது, கையால் போட்டுக் காட்டும் கணக்குகளை முதலில் எழுதுங்கள். இன்ஃபிக்ஸில் இருந்து போஸ்ட்ஃபிக்ஸ், ஹேஷிங், ஏவிஎல் மரம், ட்ரீ டிராவர்சல் எல்லாம் படிப்படியாகச் சரியாகப் போட்டால் மார்க் குறைக்க வழியே இல்லை. 10 இடம் உள்ள ஹேஷ் டேபிளில் 23, 43, 13 என்று லீனியர் ப்ரோபிங்கில் (10-ஆல் வகுத்த மீதிதான் இடம், அது நிரம்பியிருந்தால் அடுத்த காலி இடம்) வைக்கச் சொன்னால் அவை 3, 4, 5-ஆம் இடங்களில் போய் உட்காரும். இதைப் புரிந்து போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் முதல் இரண்டு முறையும் இவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மனப்பாடம் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று புரோகிராமில் போய் விழுந்தேன்.

அரியர் என்றால் ஒரு பேப்பர்தானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்காவது செமஸ்டரில் வந்த அல்காரிதம் பேப்பர் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது, அதில் தட்டுத்தடுமாறித்தான் கரையேறினேன். செப்டம்பரில் ஒரு கம்பெனி பயிற்சிக்கு ஆள் எடுக்க வந்தபோது நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இல்லை என்று தெரிந்தும் இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தேன்.

நவம்பரில் மூன்றாவது முறை எழுதினேன். வரிசைப்படுத்திய இரண்டு லிங்க்ட் லிஸ்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் கேள்வி வந்தது. நான் முன்னே பின்னே பார்த்திராத கேள்வி. விடைத்தாளின் வலது பக்கத்தில் பென்சிலால் ஆறு பெட்டி வரைந்து, மேலே 1000-இல் இருந்து முகவரி போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எண்ணை மாற்றிக்கொண்டே கோடை எழுதினேன். எழுதி முடிக்க 25 நிமிடம் ஆனது. பெட்டிகளை அழிக்கவில்லை, விடையோடு அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ரிசல்ட் வந்த அன்று அப்பா தறியில் இருந்தார். சத்தத்தில் ஃபோனில் ஒன்றும் கேட்காது என்பதால் பட்டறைக்கே போனேன். பட்டறைக்காரர் தறியை நிறுத்தச் சொன்னார். "பாஸாயிட்டியா சாமி" என்று மட்டும் கேட்டார் அப்பா. அந்த 8,000-த்தில் இன்னும் இரண்டு வாரப் பிடித்தம் பாக்கி இருந்தது.